கிணற்றில் கிடைத்த முழங்கால்

என்னை மலேசியாவின் ஈப்போவிலிருந்து தாம்பரத்துக்கு வரவழைத்தது ஒரு வலது முழங்கால். அது என் அக்காவுடையது என்று ஒரு டாக்டரும், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும், என் சொந்தக்காரர்களும் முடிவு செய்திருந்தார்கள். நான் போய் ‘ஆமாம்’ என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. 1969 மார்ச்சில் போய் ஈஸ்டர் வரைக்கும் அங்கே இருந்தேன். மகாபலிபுரம் அத்தனை பக்கத்தில் இருந்தும் போகவில்லை. பார்க்கத்தக்க இடங்களைத் தேடிப் படிக்கிறவர்கள் இதில் ஏமாந்து போவார்கள்.

அக்காவின் பெயர் ஞானம்மாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். கணவர் இறந்த பிறகும் சேலையூரில் அவர் கட்டிய வீட்டிலேயே தனியாக இருந்து, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். 1966 நவம்பரில் புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில், ஒரு சாயங்காலம் வீட்டைப் பூட்டாமல் வெளியே போனவள் திரும்பவில்லை. கணவரின் தம்பி தேவசகாயம் ஏரியில் ஆள் விட்டுத் தேடினார். பள்ளிக்கரணைச் சதுப்பில் புல் அறுப்பவர்களிடம் சொல்லி வைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவுக்குப் பல வருஷங்களாக மூட்டுவாதம். வலி தாங்காமல் தானே ஏரியில் இறங்கிவிட்டாள் என்று சபையில் பேச்சு கிளம்பியது. அதன் பிறகு யாரும் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லவில்லை.

1969 தொடக்கத்தில், அவள் வீட்டை ஒட்டிய மனையில் ஏகாம்பரம் என்பவர் கிணறு வெட்டினார். ஆளுயரத்துக்குக் கீழே மனித எலும்புகள் வந்தன. ஏகாம்பரத்துக்கும் அக்காவுக்கும் வேலித் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். எலும்பு வந்ததை அவர் யாரிடமும் சொல்லாமல் சாக்கில் கட்டி வைக்கோல் போருக்குள் ஒளித்தார். கிணறு வெட்டியவர்களில் ஒருவர் டீக்கடையில் உளற, போலீஸ் வந்தது. அது மாட்டு எலும்பு என்று ஏகாம்பரம் பொய் சொன்னார். மண்டை நொறுங்கியிருந்தது. வயது முதிர்ந்த பெண், வலது முழங்காலில் நாட்பட்ட மூட்டுவாதம் என்று அரசாங்க டாக்டர் எழுதினார். ஞானம் டீச்சருக்கு வலது கால்தான் இழுக்கும் என்று தெருவே சாட்சி சொன்னது. ஏகாம்பரம் செங்கல்பட்டுச் சிறைக்குப் போனார். முழங்காலையும் மண்டையோட்டுத் துண்டுகளையும் வழக்குக்கென்று வைத்துக்கொண்டு, மீதியைப் போலீஸ் தேவசகாயத்திடம் கொடுத்தது. அவர் அதைக் கல்லறைத் தோட்டத்தில் மணியடித்து அடக்கம் செய்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கினேன். 1962-இல் நான் வந்தபோது இருந்ததைவிட வண்டியின் வேகம் கூடியிருந்தது, நெரிசலும். மாநிலத்துக்குப் பெயர் மாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஓர் அலுவலகப் பலகையில் பழைய பெயருக்கு மேல் வெள்ளை அடித்துவிட்டு, புதுப் பெயரை எழுதாமல் விட்டிருந்தார்கள். சுவர்களில் முந்தின மாதம் இறந்த முதலமைச்சருக்குக் கண்ணீர் அஞ்சலி. இழவு கேட்க வந்தவனுக்கு ஊரே துக்கத்தில் இருப்பது பொருத்தமாகவே பட்டது.

எங்கள் ஈப்போவில் வெயில் ஏறினால் மூன்று மணிக்கு மழை வந்து கணக்கைத் தீர்த்துவிடும். இங்கே தீர்ப்பதற்கு யாரும் வருவதில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவின் சங்கிலி சேலையூருக்குள் மூன்று முறை கழன்றது. “பேஜாரு சார் இந்த செயினு. நீ எறங்கி நாலு அடி நடந்தினா அதுக்கே வெக்கம் வந்து மாட்டிக்கும்” என்றார் ரிக்‌ஷாக்காரர். நடந்தேன். மாட்டிக்கொண்டது.

நான் தங்கியது அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில், தேவசகாயத்திடம். அவருக்குத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். அண்ணியை மதினி என்பார்; என்னை மச்சான் என்பார். லெந்து என்னும் தவக்காலமாகையால் வீட்டில் கறி மீன் இல்லை. அவர் மனைவி லீலா வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்திருந்தாள். சாப்பிட்டதும் தேவசகாயம் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். வேப்ப மரத்தடியில் செம்மண் மேடு. ஒரு மரச்சிலுவை. மேடு மிகச் சிறியதாக இருந்தது. வெறும் எலும்புக்குப் பெரிய பெட்டி எதற்கு என்று, கடையில் குழந்தைகளுக்கு இருந்த பெட்டியையே வாங்கினதாகச் சொன்னார். லீலா அதற்குள் அக்காவின் வெள்ளைப் புடவை ஒன்றை விரித்தாளாம்.

“முன்னூறு பேர் வந்தாங்க மச்சான்” என்றார். “ரெண்டு வருஷமா எங்க வீட்டு வாசல்ல மிதிக்காதவங்கல்லாம் வந்தாங்க. கொலையானவங்கன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் மதினி நல்லவங்க ஆயிட்டாங்க.”

அதை அவர் கசப்போடு சொல்லவில்லை. பெரிய சுமையை இறக்கி வைத்தவரின் குரல் அது.

புதன்கிழமை கல்லறைக் கல்லுக்குச் சொல்லப் பல்லாவரம் போனோம். மலையடியில் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். சாலை நடுவில் ஒருவர் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார். கல்லுக்கு வேட்டு வைக்கிறார்களாம். ஓட்டுநர் இறங்கிப் பீடி பற்ற வைத்தார். ஓட்டுநரே இறங்கிவிட்டால் நாம் எதற்கு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கிழவர் கேட்டார். கல் விழுந்தால் கூரை தாங்கும் என்று நடத்துனர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வேட்டுச் சத்தம் வயிற்றில் கேட்டது. ஈப்போவைச் சுற்றியும் இப்படித்தான் சுண்ணாம்பு மலைகளைத் தின்கிறார்கள். அங்கே குகைக் கோயில்கள் இருப்பதால் கொஞ்சம் யோசித்துத் தின்கிறார்கள்.

இதே பல்லாவரத்தில்தான் 1863-இல் ஓர் ஆங்கிலேயர் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தப் பக்கத்து மேடுகளில் முதுமக்கள் தாழிகள் கிடைப்பதாகவும் நான் படித்திருந்தேன். பேச்சுவாக்கில் தேவசகாயத்திடம் அதைச் சொன்னேன். அவர் கல்லறைக் கல்லின் நீள அகலத்தைப் பற்றிக் கேட்டார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் மனைவி மங்கம்மா. தேவசகாயம் அவரைப் பார்க்காதவர்போல உள்ளே போய்விட்டார். மங்கம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாதங்களில் கொப்புளம். புருஷனுக்காக அன்று காலை திருநீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்து போய் வந்ததாக அவரே சொன்னார்.

“நீதான் மலேயாக்காரராமே. உன் ஒரு வார்த்தைல கீது சார் அவரு உசுரு. எங்கூட்டுக்காரு கொல பண்ற ஆளா? கோயில்ல கெடா வெட்றப்ப கண்ண மூடிக்குவாரு. பொண்ணுக்குப் பரிசம் போட்டுக்கீதே, எலும்பு வந்த கெணத்து வூட்ல எவன் சம்மந்தம் பண்ணுவான்னு பயந்து மறச்சாரு. அந்தப் பயந்தான் சார் தப்பு.”

எலும்போடு வேறு என்ன வந்தது என்று கேட்டேன்.

“பான ஓடுதான். அம்மாம் பெரிய பான. கடப்பாற பட்டு ஒடஞ்சிடுச்சு. கொன்னு பானைல போட்டு பொதச்சேன்னு ஒத்துக்கோன்றாங்க. எங்கூட்ல அம்மாம் பெரிய பான வாங்க எவன்கிட்ட சார் காசு கீது? ஒரு ஓட்டுல கோழிக்கித் தண்ணி வச்சிகிறேன், வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். கோழி குடித்துக்கொண்டிருந்த ஓடு வெளியே சிவப்பு, உள்ளே மை போலக் கறுப்பு. விரல் பருமன் இருந்தது. நான் புத்தகங்களில் பார்த்த படங்கள் அப்படித்தான் இருந்தன. ஆனால் நான் ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். என் சொல்லை யார் எடுப்பார்கள்?

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போய், கையெழுத்துப் போடுவதற்கு முன் முழங்காலைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏகாம்பரத்தின் வக்கீல் இன்னொரு டாக்டரின் கருத்துக் கேட்டு மனுப் போட்டு உத்தரவு வாங்கியிருந்தார். எலும்பு அன்றைக்கே குரோம்பேட்டைக்குப் போகிறது, வேண்டுமானால் கூடவே போங்கள் என்று இன்ஸ்பெக்டர் அனுப்பினார். அரக்கு முத்திரை வைத்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் முனுசாமி ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சானடோரியம் தாண்டியதும் மின்சாரம் நின்றது. வண்டி வெயிலில் கிடந்தது.

எதிரே கல் உடைக்கப் போகும் பெண்கள் இருவர் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ரயில்வே குடியிருப்பில் பழகிய தெலுங்கு எனக்குக் கொஞ்சம் வரும். “முறுக்கு டின்னைப் பார், கோழி அடைகாக்கிற மாதிரி வைத்திருக்கிறான்” என்றாள் ஒருத்தி. “மாமியார் வீட்டுக்குப் போகிறானோ என்னவோ” என்றாள் மற்றவள். “மாமியார் வீட்டுக்குப் போகிற முகமா இது? மாமியாரையே டின்னில் போட்டு எடுத்துப் போகிறவன் மாதிரி இருக்கிறான்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முனுசாமிக்குத் தெலுங்கு தெரியாது. “இன்னா சார் நாயம்” என்றார். “கொல பண்ணவன இட்டுகினு போக வேன் குடுக்கிறாங்கோ. கொலயானவங்கோ டிக்கெட் வாங்கிகினு ரயில்ல போவணும்.”

டாக்டர் வேதாந்தம் உடற்கூறியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரோம்பேட்டையில் தன் மருமகனின் நர்சிங் ஹோமில் பின்னறை ஒன்றை வைத்திருந்தார். முத்திரையை முனுசாமி உடைத்தார். தொடை எலும்பின் கீழ்ப்பாதி, கணைக்கால் எலும்பின் மேல்பாதி, முட்டிச் சில்லு. மூன்றும் காவி நிறம். அக்காவின் உடம்பில் ஒரு பகுதி என்று நினைத்து நான் சில்லைக் கையில் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கியது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். சில்லின் உள்பக்கத்தில் ஒரு இடம் மட்டும் தந்தம்போலப் பளபளத்தது. தொடை எலும்பில் அது உராயும் இடத்திலும் அதே மெருகு. மெருகின் மேல் இணைகோடுகளாகப் பள்ளம் விழுந்திருந்தது. மூட்டுக்கு நடுவில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து போனால் எலும்பும் எலும்பும் உரசும்; ஆள் உட்கார்ந்து எழ எழ அது தன்னைத்தானே இழைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். ஓரங்களில் மெழுகு வழிந்து உறைந்ததுபோல எலும்பு உதடு கட்டியிருந்தது. தேய்ந்த மூட்டு தன்னைத் தாங்கிக்கொள்வதற்காகப் புதிதாக வளர்த்துக்கொண்ட எலும்பு அது.

“வாதம்னு எழுதினது தப்பில்லே. எந்த வாதம்னு எழுதலே” என்றார். “இது உழைச்சுத் தேஞ்ச முழங்கால். இன்னொரு வாதம் இருக்கு. அதுலே தேய்மானம் கிடையாது. உடம்பே தன் மூட்டைத் தின்னும். மூட்டோட ஓரத்துலே எலி கடிச்ச மாதிரி குழி இருக்கும். இந்த மெருகு, இந்த உதடு எல்லாம் அதுலே பெரும்பாலும் வராது. அது கைவிரல்லேதான் ஆரம்பிக்கும். உங்க அக்கா கை எப்படி இருந்தது?”

நான் என் கையை மேஜையின் மேல் வைத்து, விரல்களைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துக் காட்டினேன். 1962-இல் அக்காவின் இரண்டு கைகளும் அப்படித்தான் இருந்தன, காற்றடித்துச் சாய்ந்த நாணல் மாதிரி. கணுக்கள் வீங்கியிருந்தன. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடிப்பாள். சாக்பீஸை நாடாவால் கையோடு கட்டிக்கொண்டுதான் கரும்பலகையில் எழுதினாள். தோசையை நான்தான் பிய்த்துக் கொடுத்தேன்.

 டாக்டர் தொடை எலும்பின் உடைந்த முனையை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். எடுத்தபோது அது நாக்கோடு ஒட்டி இழுத்துக்கொண்டு வந்தது. முனுசாமி “ஐயோ சார்” என்று எழுந்தே விட்டார். “ஆத்துக்காரி பாத்தா இன்னிக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது” என்றார் டாக்டர். உயிர்ச்சத்து முழுவதும் போன எலும்புதான் இப்படி ஈரத்தை உறிஞ்சி ஒட்டுமாம். முனுசாமியின் சம்மதத்தோடு ஒரு எலும்புத் துணுக்கை நெருப்பில் காட்டினார். இறந்து சில வருஷமே ஆன எலும்பு என்றால் மயிர் பொசுங்கும் வாசனை வரவேண்டும். மண் வாசனைதான் வந்தது. பானை ஓட்டைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது என்பது தன் அபிப்பிராயம் என்றார்.

“ஆனா கோர்ட்டுலே நான் பழசும்பேன். கெணத்து ஈரத்துலே ரெண்டு வருஷம் கெடந்தா இப்படித்தான் ஆகும்னு இன்னொரு டாக்டர் சொல்லுவார். உங்க அக்கா வயசுலே ரெண்டு வாதமும் சேர்ந்தே இருக்கலாமேன்னும் கேப்பார். கேக்கலாம், தப்பில்லே. கை இருந்தா பேச்சே கிடையாது. அந்தக் குழி ஒரு தடவை விழுந்தா செத்தாலும் மறையாது. கை எங்கே?”

“புதைத்துவிட்டோம்” என்றேன்.

அன்று சாயங்காலம் தாம்பரம் நிலையத்தில் பன் பட்டர் ஜாமும் காப்பியும் சாப்பிட்டேன். எங்கள் ஊர் கொப்பிக்கு இந்தக் காப்பி எவ்வளவோ மேல், ஆனால் இறங்கவில்லை. குழியைத் திறக்க நெருங்கிய இரத்த உறவு மனுக் கொடுத்தால் உத்தரவு எளிதில் கிடைக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த உறவு நான் ஒருவன்தான்.

தேவசகாயம் கேட்டுவிட்டு உடனே கோபப்படவில்லை. என்னை முற்றத்துக்கு வெளியே கூட்டிப் போய் வேலியோரம் நிறுத்திப் பேசினார்.

“மச்சான், நீங்க டிக்கெட் எடுத்துப் போயிருவீங்க. நான் இந்தத் தெருவுல இருக்கணும். ஏரியில விழுந்தவ வீடுன்னு என் மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க பாதிக் காப்பியில எந்திரிச்சுப் போனாங்க. இப்பத்தான் மதினிக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. அதையும் தோண்டணுங்கீங்க.”

ஒரு நிரபராதியைத் தூக்கில் போட்டாலும் போடுவார்களே என்றேன். ஏகாம்பரம் நல்லவன் என்று தனக்கும் தெரியும் என்றார் அவர். வேலித் தகராறு நடந்தபோதே, மழைக்காலத்தில் அக்காவுக்கு விறகு உடைத்துக் கொடுத்தவன் அவன். தூக்கெல்லாம் வராது, சாட்சி போதாமல் விட்டுவிடுவார்கள், அதுவரை பொறுங்கள் என்றார். அப்படி விட்டால் கொலைகாரன் என்ற பெயர் அவருக்குப் போகுமா என்று கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு லீலாதான் சோறு போட்டாள். அவர் தனியாகச் சாப்பிட்டார்.

நான் மனுக் கொடுத்தேன். உத்தரவு வர இரண்டு வாரம் ஆனது. அந்த ஞாயிறுகளில் கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பாஸ்டர் மட்டும் கையைப் பிடித்து, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், ஆனால் சீக்கிரம் செய்யுங்கள் என்றார்.

குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு காலையில் குழியைத் திறந்தார்கள். தாசில்தார், முனுசாமி, டாக்டர் வேதாந்தம், பாஸ்டர், குழி வெட்டும் மாரி, நான். தேவசகாயம் வரமாட்டார் என்று நினைத்தேன். வேலைக்குப் போகும் உடையோடு வந்து, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். பெட்டி மேலே வந்தது. அடிப்பலகையில் கறையான். புடவையின் ஒரு மூலையை அது தின்றிருந்தது.

டாக்டர் பக்கத்துக் கல்லறையின் சிமென்ட்டுப் பரப்பில் வெள்ளைத் துணியை விரித்து, எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். விரல் எலும்புகள் இருபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தன. மணிக்கட்டிலிருந்து நுனி வரை இருந்தவற்றை வரிசைப்படுத்தினார். வலது கை ஏறக்குறைய முழுதாக வந்தது. ஒரு எலும்பின் தலை அடுத்த எலும்பின் குழியில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. தலைகள் உருண்டு, வழவழப்பாக இருந்தன. ஓரத்தில் ஒரு கடியும் இல்லை. விரல்கள் நேராகக் கிடந்தன.

பூதக்கண்ணாடியால் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டு அவர் தாசில்தாரிடம், “சாகிற வரைக்கும் இந்தக் கை நன்னா வேலை செஞ்சிருக்கு. ஊசி கோத்திருக்கும்” என்றார்.

தேவசகாயம் எப்போது அருகில் வந்தார் என்று தெரியவில்லை. துணியின் மேல் கிடந்த கையையே பார்த்தார். அக்காவின் கையை மூன்று வேளையும் பார்த்துப் பழகியவர் அவர். போலீசில் தனக்கு முழங்காலை மட்டுந்தான் காட்டினார்கள் என்றார்; மீதி சாக்கில் கட்டியபடியே வந்தது, அப்படியே பெட்டியில் கொட்டினார்களாம். கையைப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லையாம்.

“சொல்லியிருந்தாலும் பாத்திருக்க மாட்டேன் மச்சான்” என்றார். “பாத்திருந்தாலும் மதினிதான்னு சொல்லியிருப்பேன்.”

தாசில்தார் என் வாக்குமூலத்தை அங்கேயே ஒரு நாற்காலி போட்டு எழுதினார். இவை உங்கள் சகோதரியின் எலும்புகளா? இல்லை. எப்படிச் சொல்கிறீர்கள்? கையைப் பற்றிச் சொன்னேன். கடைசியாக, அப்படியானால் உங்கள் சகோதரி இறந்துவிட்டாரா, உயிரோடிருக்கிறாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தெரியாதுன்னே எழுதிக்கவா?” எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தேவசகாயம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியில் இருந்த அக்காவின் புடவையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார்.

எலும்புகளை டாக்டர் பொறுப்பில் அனுப்பினார்கள். அருங்காட்சியகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். கிணற்றின் பக்கச் சுவரைச் சுரண்டியதில் தாழியின் அடிப்பாகமும் ஒரு துருப்பிடித்த இரும்புக் கத்தியும் கிடைத்தன. கொலைக் கத்தி என்று யாரோ புரளி கிளப்ப, ஊர் ஒருநாள் முழுக்க அதைப் பேசித் தீர்த்தது.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் ஏகாம்பரம் வீடு திரும்பினார். மங்கம்மா எலுமிச்சம்பழம் சுற்றி உள்ளே விட்டார். நான் வேலி வரை போனேன். மெலிந்து, தலை மொட்டையடித்திருந்தார். பரிசம் போட்டவர்கள் பிப்ரவரியிலேயே தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதை லீலா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

“டீச்சரு எங்கனா கீறாங்கன்னு தெரிஞ்சா சொல்லியனுப்பு சார்” என்றார். “வேலிய அவங்க கேட்ட எடத்துக்கே தள்ளிப் போட்டுடறேன்.”

தெருக்குழாயடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டது அன்றைக்கே என் காதில் விழுந்தது. அப்போ அது டீச்சர் இல்லையாம். அப்போ ஏரிதான்.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து பாஸ்டர் எங்கள் இருவரையும் நிறுத்தினார். தாசில்தார் வழக்கு முடியட்டும் என்று சொன்னதால் குழி திறந்தே கிடந்தது. ஈஸ்டர் விடியலில் சபையார் மெழுகுவர்த்தி ஏந்திப் பாடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வருவது அங்கே வழக்கம். அன்றைக்குப் போய் ஒரு கல்லறை வெறுமையாகத் திறந்து கிடப்பது நன்றாயிராது என்றார்.  நாளைக்கே மூடிவிடுகிறோம் என்றார் தேவசகாயம்.

சனிக்கிழமை காலையில் போனோம். மாரி மண்வெட்டியோடு காத்திருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு கல்லறை கட்டியவர்கள் எங்கள் மண்ணில் பாதியை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சுவரோரம் கொட்டிக் கிடந்த மண்ணைக் கூடையில் அள்ளி, தேவசகாயமும் நானும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொட்டினோம். இத்தனை நாளில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். வியர்வை கண்ணில் இறங்கியது.

தரைமட்டம் வந்ததும் மாரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மேடு கட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றார் தேவசகாயம். அப்படியானால் மண் தளர்ந்து கிடக்கக் கூடாது, முதல் மழைக்கே உள்வாங்கிவிடும், ஏறி மிதிக்க வேண்டும் என்றார் மாரி. நாங்கள் இருவரும் விளிம்பில் நின்றோம். கல்லறையை மிதிக்காதே என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

“மிதி சார்” என்றார் மாரி. “உள்ளார யாரும் இல்லியே.”

தேவசகாயம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஏறி மிதிக்கத் தொடங்கினார். நானும் ஏறினேன்.